வீட்டில் செய்த வீடியோ கேம் கேசட்: ஃபேமிகாமுக்காக ஓர் ஆடுபுலி ஆட்டம்

1990களில் தமிழ்நாட்டு வீடுகளில் தொலைக்காட்சியோடு இணைத்து விளையாடிய வீடியோ கேம் கருவிகளில் பல, ஜப்பானின் நின்டென்டோ நிறுவனம் 1983 ஜூலையில் வெளியிட்ட ஃபேமிகாம் என்னும் கருவியின் நகல்களாகவே இருந்தன. பெட்டியின் மேல் எந்தப் பெயர் அச்சிடப்பட்டிருந்தாலும், உள்ளே இருந்த செயலி புரிந்துகொண்ட கட்டளைகளும், கேசட் செருகும் வாயில் இருந்த 60 தொடுமுனைகளின் வரிசையும், மாசயுகி உஎமுரா வடிவமைத்த அந்த மூலக் கருவியிலிருந்து எடுக்கப்பட்டவை. ஆகவே இன்று ஒருவர் தம் வீட்டு மேசையில் முறையாகச் செய்யும் கேசட், ஜப்பானில் விற்ற மூலக் கருவியிலும் நம் ஊர் நகல் கருவியிலும் ஒருசேர ஓட வேண்டும். பெரும்பாலும் ஓடவும் செய்கிறது. சிக்கல் வரும் இடங்களைப் பின்னர் சொல்கிறேன். அமெரிக்காவில் 1985இல் விற்பனைக்கு வந்த என்இஎஸ் வடிவத்தில், அனுமதி பெறாத கேசட்டுகளைத் தடுக்கும் பூட்டுச் சிப் ஒன்று இருந்தது. ஃபேமிகாமில் அது கிடையாது என்பது என் போன்றவர்களுக்கு வசதியாகப் போயிற்று.

நான் செய்த கேசட்டில் இருப்பது ஆடுபுலி ஆட்டம். இருபத்து மூன்று புள்ளிகள், மூன்று புலிகள், பதினைந்து ஆடுகள் என்று திண்ணைகளில் கீறி ஆடிய அதே ஆட்டத்தை, சிசி65 என்னும் இலவசத் தொகுப்பியைக் கொண்டு நானே நிரலாக எழுதினேன். பிறர் உருவாக்கிய ஆட்டத்தின் நகலைச் சிப்பில் ஏற்றுவதில் உள்ள சட்டச் சிக்கலைத் தவிர்ப்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், சொந்த நிரலாக இருந்தால் எந்த நொடியில் திரையில் என்ன தெரிய வேண்டும் என்பது செய்தவருக்குத் துல்லியமாகத் தெரியும் என்பதே. கேசட் செய்யும் வேலையில் பாதி நேரம், திரையில் தெரியும் கோளாறைப் பார்த்து எந்தக் கம்பி தவறியது என்று கண்டுபிடிப்பதில்தான் போகிறது. அங்கே இந்த அறிவு பெரிதும் உதவும்.

குறுந்தகட்டில் இருக்கும் நிரலைக் கருவி முதலில் தன் நினைவகத்துக்குள் படியெடுத்துக்கொண்ட பிறகே இயக்குகிறது. ஃபேமிகாமில் அப்படி நடப்பதில்லை. படியெடுத்து வைக்க அதில் இடமும் இல்லை. செயலிக்கென்று 2 கிலோபைட் ராம், படத்துக்கென்று 2 கிலோபைட் ராம், அவ்வளவுதான். கேசட்டைச் செருகிய கணத்தில் அதிலுள்ள சிப்புகளே கருவியின் நினைவகமாகிவிடுகின்றன. செயலி ஒவ்வொரு கட்டளையையும் நேராக அங்கிருந்தே படிக்கிறது. படத்தை வரைவதற்குத் தனிச் செயலி ஒன்று இருப்பதும், அது தனக்கென்று, எந்த இடத்தைப் படிப்பது என்று சொல்லும் தனி முகவரிக் கம்பிகளையும் அங்கிருக்கும் பைட்டைக் கொண்டுவரும் தனித் தரவுக் கம்பிகளையும் கேசட் வரை கொண்டுவந்திருப்பதும் இந்தக் கருவியின் சிறப்பு. எனவே ஒரு கேசட்டின் உள்ளே உண்மையில் இரண்டு கேசட்டுகள் இருக்கின்றன என்று கொள்ளலாம். ஒன்றில் நிரல் இருக்கிறது. அதிகபட்சம் 32 கிலோபைட் அளவில் முதன்மைச் செயலி அதைப் படிக்கிறது. மற்றொன்றில் படத்துணுக்குகள் இருக்கின்றன. 8 கிலோபைட் அளவில் படச்செயலி அதைப் படிக்கிறது. இரண்டுக்கும் பொதுவாக இருப்பவை 5 வோல்ட் மின்சாரமும் தரையும் மட்டுமே. நிரல், படம் என்னும் இந்த இரண்டு பாதிகளையும் தனித்தனியே கட்டி, தனித்தனியே சோதித்து, பிறகு சேர்ப்பதே நான் பரிந்துரைக்கும் வழி. கீழே எழுதியிருப்பவற்றில் பெரும்பகுதி இந்த ஒரு முடிவிலிருந்து கிளைத்ததுதான்.

வெளிநாட்டு வழிகாட்டிகள் பழைய கேசட் ஒன்றைத் திறந்து, அதிலுள்ள ரோம் சிப்பைக் கழற்றிவிட்டு, அதே துளைகளில் புதிய சிப்பைப் பொருத்தச் சொல்கின்றன. நம் சந்தையில் விற்ற மஞ்சள், கறுப்பு நிறக் கேசட்டுகளில் பலவற்றைத் திறந்தால் கழற்றுவதற்குச் சிப்பே இருக்காது. சிலிக்கன் துண்டைப் போர்டிலேயே ஒட்டி அதன் மேல் கறுப்புப் பிசின் துளியை ஊற்றி மூடியிருப்பார்கள். அத்தகைய கேசட்டிலிருந்து இரண்டு பொருள்கள்தான் நமக்குப் பயன்படும். ஒன்று பிளாஸ்டிக் ஓடு. மற்றொன்று, வாயினுள் நுழையும் போர்டின் விளிம்பு. அந்த விளிம்பிலுள்ள தொடுபட்டைகளில் மெல்லிய கம்பிகளைச் சால்டர் செய்து, அவற்றைப் புள்ளிப் போர்டுக்கு இழுத்து முதல் மாதிரியைக் கட்டலாம். விளிம்பிலிருந்து பிசின் துளிக்குச் செல்லும் செம்புத் தடங்கள் அனைத்தையும் கூர்மையான கத்தியால் அறுத்துவிட வேண்டும் என்பதை இங்கே அழுத்திச் சொல்கிறேன். ஒரு தடம் அறுபடாமல் இருந்தாலும் பழைய சிப் உயிருடன் இருந்து புதிய சிப்போடு அதே கம்பியில் மோதும். அந்தக் கோளாறு வரும், போகும், காரணம் எளிதில் பிடிபடாது.

சிப்புகளைச் சென்னை ரிச்சி தெருவில் வாங்கினேன். நிரலுக்கு 27சி256, படத்துக்கு 27சி64 போதும். முன்னது 32 கிலோபைட், பின்னது 8 கிலோபைட் கொள்ளும். இரண்டுக்கும் 27சி256 சிப்பையே வாங்கிவிட்டு, படப் பக்கத்தில் அதன் கூடுதலான இரண்டு முகவரிக் கால்களைத் தரையோடு இணைப்பது இன்னும் நல்லது, ஏனென்றால் ஒரே வகைச் சிப் கையில் நான்கைந்து இருந்தால் பழுது சோதிக்கையில் மாற்றி மாற்றிப் பார்க்கலாம். எண்ணின் நடுவில் வரும் 'சி' என்னும் எழுத்தைக் கவனித்து வாங்க வேண்டும். அந்த எழுத்து இல்லாத பழைய வகைகள் அதிக மின்னோட்டத்தை இழுத்துச் சூடாகும். அவற்றுள் பழைய 2764 போன்றவற்றில் நிரலை எழுத 21 வோல்ட் தேவைப்படும், சிப்பில் நிரலை எழுதும் கருவிகளான புரோகிராமர்களுள் இன்றைய மலிவானவை சில அந்த அழுத்தத்தைத் தருவதில்லை. பெயரில் 'எல்வி' என்று வரும் ஃபிளாஷ் சிப்புகள் 3.3 வோல்ட்டுக்கானவை, ஃபேமிகாமின் 5 வோல்ட் கம்பிகளில் அவற்றை நேராக இணைக்கக் கூடாது. கடைகளில் கிடைக்கும் ஈபிராம்கள், அதாவது அழித்து மீண்டும் எழுதக்கூடிய இவ்வகைச் சிப்புகள், பெரும்பாலும் பழைய போர்டுகளிலிருந்து கழற்றியவை. அதில் தவறொன்றும் இல்லை. மேல் அச்சைச் சுரண்டிவிட்டு வேறு எண்ணை அச்சிட்டு விற்பதும் நடக்கிறது என்பதால், வாங்கியவுடன் புரோகிராமரில் வைத்து அடையாள எண்ணைப் படித்துப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளலாம்.

ஈபிராமில் எழுதுவது என்றால் 1 என்னும் பிட்டை 0 ஆக்குவது மட்டுமே. 0வை மீண்டும் 1 ஆக்க, சிப்பின் மேலுள்ள கண்ணாடிச் சாளரத்தின் வழியே 253.7 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதா ஒளியைப் பாய்ச்ச வேண்டும். இதற்கெனத் தனிப் பெட்டி விற்கிறார்கள். வீட்டுக் குடிநீர்ச் சுத்திகரிப்புக் கருவிகளில் இருக்கும் புற ஊதா விளக்கும் ஏறத்தாழ இதே அலைநீளத்தில் எரிவதுதான். உதிரிப் பொருள் கடையில் அந்தக் குழாயையும் அதற்கான சோக்கையும் வாங்கி, ஒளி சிறிதும் கசியாத தகரப் பெட்டிக்குள் பொருத்திக்கொண்டேன். விளக்கிலிருந்து இரண்டரை சென்டிமீட்டர் தூரத்தில் வைத்தால் பதினைந்து, இருபது நிமிடங்களில் அழிந்துவிடும் என்று சிப் தயாரிப்பாளர்களின் குறிப்பேடுகள் கூறுகின்றன. தூரத்தையும் விளக்கின் வயதையும் பொறுத்து இது நீளும். பெட்டியைத் திறந்தால் விளக்கு தானாக அணையும்படி ஒரு சுவிட்ச் வைப்பது அவசியம், ஏனெனில் இந்த ஒளி கண்ணையும் தோலையும் புண்ணாக்கும். ரூபாய் நோட்டைச் சோதிக்கும் ஊதா விளக்கு இந்த வேலைக்கு உதவாது. நேரடி வெயிலில் ஒரு வாரம் கிடந்தாலே சிப் அழியக்கூடும் என்று அதே குறிப்பேடுகள் எச்சரிக்கின்றன. நம் ஊர் வெயிலை அறிந்தவர்களுக்கு அது மிகையாகத் தோன்றாது. எழுதி முடித்தவுடன் சாளரத்தின் மேல் ஒளி புகாத ஒட்டுத்தாளை ஒட்டிவிட வேண்டும்.

கணினியில் ஃபேமிகாமைப் போலவே இயங்கிக் காட்டும் மென்பொருளான எமுலேட்டருக்காக உருவாகும் ஆட்டக் கோப்பை அப்படியே சிப்பில் எழுதினால் கேசட் ஓடாது. அந்தக் கோப்பின் முதல் 16 பைட்டுகள், உள்ளே எவ்வளவு நிரல், எவ்வளவு படம், எந்த வகைச் சுற்று என்று எமுலேட்டருக்குச் சொல்லும் முகவுரை மட்டுமே; உண்மையான கருவி இவற்றை அறியாது. எனவே 40,976 பைட் நீளமுள்ள கோப்பை எடுத்துக்கொண்டால், முதல் 16ஐ நீக்கி, அடுத்த 32,768 பைட்டை ஒரு சிப்பிலும், மிஞ்சிய 8,192 பைட்டை மற்றொரு சிப்பிலும் எழுத வேண்டும். நிரல் 16 கிலோபைட்டாக இருந்து சிப் 32 கிலோபைட்டாக இருந்தால், ஒரே நிரலை அடுத்தடுத்து இரண்டு முறை எழுதி நிரப்ப வேண்டும். செயலி விழித்தவுடன் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்னும் முகவரியை நினைவக வெளியின் கடைசி ஆறு பைட்டுகளுக்குள்தான் தேடுகிறது. நிரலை முற்பாதியில் மட்டும் எழுதி வைத்தால் அங்கே அழிக்கப்பட்ட சிப்பின் 255 என்னும் எண்ணே கிடைக்கும், திரை ஒரே நிறத்தில் உறைந்துவிடும். சிசி65 தொகுப்பில் இணைப்பி அமைப்புக் கோப்பைச் சற்றே மாற்றினால் முகவுரை இல்லாமல் இரண்டு தனிக் கோப்புகளையே நேராகப் பெறலாம். கையால் வெட்டுவதைவிட அதுவே பாதுகாப்பு.

இனி நிரல் பாதியின் இணைப்புகள். செயலியின் பதினைந்து முகவரிக் கம்பிகளும் எட்டுத் தரவுக் கம்பிகளும் சிப்பின் அதே பெயருள்ள கால்களுக்குச் செல்கின்றன. முகவரி மேற்பாதியில் இருக்கும்போது கருவி தாழ்த்தித் தரும் ரோம் தேர்வுக் கம்பி, 44ஆம் தொடுமுனையிலிருந்து சிப்பின் தேர்வுக் காலுக்குச் செல்கிறது. வெளியீட்டுக் கால் தரைக்கு, முதலாம் கால் 5 வோல்ட்டுக்கு. படத்துக்கு 27சி64 பயன்படுத்துவோர் அதன் 27ஆம் காலையும் 5 வோல்ட்டில் இணைக்க வேண்டும். ஒவ்வொரு சிப்பின் மின் கால்களுக்கு அருகிலும் 104 என்று எண்ணிட்ட கப்பாசிட்டர் ஒன்று இருக்க வேண்டும். முதல் மாதிரிக்கு இரண்டு பாதிகளையும் சேர்த்துக் கம்பிகள் ஏறத்தாழ ஐம்பது வருகின்றன. முகவரிக்கு ஒரு நிறம், தரவுக்கு ஒரு நிறம் என்று பிரித்துக்கொண்டால் பின்னால் கண் வலிக்காது. கருவியில் செருகுவதற்கு முன், ஒவ்வொரு கம்பியையும் மல்டிமீட்டரின் ஒலிச் சோதனையில் தொடுபட்டையிலிருந்து சிப்பின் கால் வரை பார்ப்பதோடு நில்லாமல், அதன் இரு பக்கத்துக் கால்களோடு அது ஒட்டவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். 5 வோல்ட்டுக்கும் தரைக்கும் இடையில் மீட்டர் ஒலித்தால் அந்தக் கேசட்டைக் கருவியின் அருகிலேயே கொண்டுபோகக் கூடாது.

படச் சிப் இல்லாமலேயே நிரல் பாதியைச் சோதிக்க முடியும் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. திரையின் பின்னணி நிறம் படச்செயலிக்குள்ளேயே இருக்கும் நிறத் தட்டிலிருந்து வருகிறது, ஒலி முதன்மைச் செயலிக்குள்ளிருந்தே வருகிறது; கேசட்டின் படப் பாதிக்கு இவற்றில் வேலையே இல்லை. ஆகவே பொத்தானை அழுத்தினால் பின்னணி நிறம் மாறி, ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு சுரம் ஒலிக்கும்படி ஒரு சிறு சோதனை நிரலை எழுதி முதலில் ஏற்றினேன். அது ஓடியவுடன், மேற்கொண்டு திரையில் எவ்வளவு குழப்பம் தெரிந்தாலும் அது படப் பாதியின் குழப்பம்தான் என்று உறுதியாகிவிட்டது. நிரல் பாதியில் ஒரு கம்பி தவறினாலும் பெரும்பாலும் எதுவுமே நடக்காது. பழுதைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது என்பதால், இந்தப் பாதியில் கம்பிகளைச் சோதிப்பதைத் தவிர வேறு குறுக்குவழி இல்லை.

படப் பாதி அப்படியல்ல. அங்கே கோளாறு எந்தக் கம்பியில் என்பதைத் திரையே காட்டிக்கொடுக்கும். டைல் எனப்படும் படத்துணுக்கு ஒவ்வொன்றும் 8க்கு 8 புள்ளிகள் கொண்டது. ஒரு புள்ளிக்கு இரண்டு பிட் என்ற கணக்கில் 16 பைட்டுகளில் அடங்குவது. படச்செயலி அனுப்பும் முகவரியின் கடைசி மூன்று பிட்டுகள் டைலுக்குள் எந்த வரி என்பதைச் சொல்கின்றன. நான்காவது பிட் இரண்டு நிறத் தளங்களுள் எது என்பதைச் சொல்கிறது. அதற்கு மேலுள்ள எட்டுப் பிட்டுகள் டைலின் எண். அதற்கும் மேலுள்ளது, தலா 256 டைல்கள் கொண்ட இரண்டு அட்டவணைகளுள் எது என்பது. எனவே ஒவ்வொரு டைலும் தன் இடத்தில் சரியாக இருந்து, அதன் உள்வரிகள் மட்டும் முன்பின்னாகக் குலைந்து தெரிந்தால், கடைசி மூன்று முகவரிக் கம்பிகளுக்குள் ஏதோ மாறியிருக்கிறது. வடிவம் சரியாக இருந்து நிறம் மட்டும் பிசகினால் நான்காவதைப் பார்க்க வேண்டும். டைல்கள் முழுமையாக, தெளிவாக இருந்து, 'ஆ' இருக்க வேண்டிய இடத்தில் புலியின் தலை வந்தால், மேலுள்ள எட்டில் ஒன்று தவறு. டைலுக்குள் புள்ளிகள் இடவலமாகக் கலைந்தாலோ, எல்லா டைல்களிலும் ஒரே நெடுவரிசையில் ஒரு கோடு நிலையாக நின்றாலோ, குற்றவாளி தரவுக் கம்பி. இதற்காகவே ஒரு சோதனைப் படத்தொகுப்பை வரைந்து வைத்துக்கொள்வது நல்லது: ஒவ்வொரு டைலிலும் அதன் எண், ஓர் ஓரத்தில் சாய்கோடு, இரண்டு நிறத் தளங்களிலும் வெவ்வேறு வடிவம். இந்தப் படத்தை வைத்துக்கொண்டு மாறிய கம்பியை மீட்டரைத் தொடாமலேயே சொல்லிவிட முடியும், அந்த மகிழ்ச்சிக்காகவே இந்த வேலையைச் செய்யலாம் என்பது என் கருத்து.

படச் சிப்பின் தேர்வுக் கால் படச்செயலியின் முகவரி 13க்கும், வெளியீட்டுக் கால் அதன் படிப்புக் கம்பிக்கும் செல்கின்றன. இவை தவிர, சிப் எதையும் தொடாமல் கேசட்டுக்குள்ளேயே செய்ய வேண்டிய சில இணைப்புகள் உண்டு. மறந்துபோவது எப்போதும் இவைதான். கருவிக்குள் இருக்கும் 2 கிலோபைட் படராமை எப்போது இயக்குவது என்று முடிவு செய்யும் உரிமையைக் கேசட்டிடம் விட்டிருக்கிறார்கள். அதனால் 48, 49 ஆகிய தொடுமுனைகளை ஒன்றோடொன்று இணைக்க வேண்டும். அடுத்தடுத்து இருப்பதால் ஒரு துளி ஈயம் போதும். 18ஆம் தொடுமுனையைப் படமுகவரி 10உடனோ 11உடனோ இணைக்க வேண்டும்: முன்னதோடு இணைத்தால் பக்கவாட்டில் நகரும் ஆட்டங்களுக்கும், பின்னதோடு இணைத்தால் மேலும் கீழும் நகரும் ஆட்டங்களுக்கும் ஏற்றது. ஆடுபுலி ஆட்டத்தில் திரை நகர்வதே இல்லை, ஆகவே எதுவாயினும் சரி; ஆனால் இணைக்காமல் விடக் கூடாது. கடைசியாக 45உம் 46உம். செயலியிலிருந்து புறப்படும் ஒலி மூலக் கருவியில் கேசட்டுக்குள் வந்து, மீண்டும் வெளியே சென்றுதான் தொலைக்காட்சியை அடைகிறது. கேசட்டில் கூடுதல் ஒலிச் சிப் இருந்தால் அதன் ஓசையையும் இடையில் கலந்துகொள்வதற்காக இப்படி வைத்தார்கள். அவ்விரண்டையும் இணைக்காத கேசட், ஒலியை உள்ளேயே இணைத்துவிட்ட நகல் கருவிகளில் நன்றாக ஒலிக்கும், மூலக் கருவியில் ஊமையாகிவிடும். நகல் கருவியில் மட்டும் சோதித்துவிட்டு ஜப்பானியக் கருவி வைத்திருக்கும் நண்பருக்குக் கேசட்டைக் கொடுப்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

இவ்வளவில் எளிய வகைக் கேசட் முடிந்துவிடுகிறது. தமிழ் எழுத்துகளைத் திரையில் காட்ட முனைந்தபோதுதான் இது போதாது என்று தெரிந்தது. ஆங்கிலப் பெரிய எழுத்து ஒன்று ஒரே டைலுக்குள் அடங்கிவிடும். 'ண'வும் 'ஞ'வும் அப்படி அடங்குவதில்லை. மேல் விலங்கும் கீழ்ச் சுழியும் சேர்ந்தால் உயரத்துக்கு இரண்டு டைல்களும், அகலத்துக்கு இரண்டோ மூன்றோ டைல்களும் வேண்டும். எழுத்து எழுத்தாகச் சேமிப்பதை விட்டுவிட்டு, 'புலி', 'ஆடு', 'வெற்றி' என்று வேண்டிய சொல் ஒவ்வொன்றையும் ஒரே படமாக வரைந்து டைல்களாக வெட்டினால், எழுத்துகளுக்கு இடையே வீணாகும் இடம் குறைகிறது. ஒரே மாதிரியான டைல்களை ஒன்றாக்கிவிட்டால் இன்னும் குறைகிறது. ஆட்டப் பலகையும் சில சொற்களும் அப்படி அடங்கின. விதிமுறைகளைத் தமிழில் முழுப் பக்கமாகக் காட்ட நினைத்தபோது பின்னணிக்கு ஒரு நேரத்தில் கிடைக்கும் 256 டைல்களை அது தாண்டிவிட்டது.

இதற்கான வழி நின்டென்டோவே அக்காலத்தில் பயன்படுத்திய யுஎன்ரோம் என்னும் சுற்று. படத்துக்கு ரோமுக்குப் பதிலாக 6264 என்னும் 8 கிலோபைட் ராம் சிப்பை வைத்து, ஒவ்வொரு பக்கத்துக்கும் வேண்டிய டைல்களை நிரலே அதில் நிரப்பிக்கொள்கிறது. இதற்குப் படச்செயலியின் எழுதும் கம்பி, 47ஆம் தொடுமுனை, கூடுதலாக வேண்டும். நிரலுக்கு 128 கிலோபைட் கொண்ட 27சி010. ஆனால் செயலிக்கு ஒரு நேரத்தில் கேசட்டிலிருந்து தெரிவது 32 கிலோபைட்தானே? அந்த வெளியின் மேல் 16 கிலோபைட்டில் சிப்பின் கடைசிப் பகுதி நிலையாக நிற்கிறது. கீழ் 16 கிலோபைட்டில் எந்தப் பகுதி தெரிய வேண்டும் என்பதை நிரல் மாற்றிக்கொள்கிறது. இதைச் செய்பவை 74எச்சி161, 74எச்சி32 என்னும் இரண்டு சாதாரணச் சிப்புகள். முன்னது உண்மையில் ஓர் எண்ணி. அதன் எண்ணும் திறனை முடக்கிவிட்டு, கொடுத்த எண்ணைப் பிடித்து வைத்திருக்கும் வேலைக்கு மட்டும் பயன்படுத்துகிறோம். அந்த முடக்கம்தான் முக்கியம்: 7, 10 ஆகிய இரண்டு கால்களையும் தரையோடு இணைக்காவிட்டால் செயலி ஒவ்வொரு முறை ரோமைப் படிக்கும்போதும் எண் ஒன்று கூடிக்கொண்டே போய், நிரல் கண நேரத்தில் சிதறும். பின்னது 'அல்லது' வாயில்களின் தொகுப்பு. செயலியின் முகவரி 14 உயர்ந்திருக்கும்போது எல்லா வெளியீடுகளையும் 1 ஆக்கி, கடைசிப் பகுதியைத் தேர்ந்தெடுக்கிறது. மின்சாரம் வந்தவுடன் எண்ணிக்குள் என்ன இருக்கும் என்று சொல்ல முடியாது. தொடக்க முகவரி நிலையான பகுதியில் இருப்பதால் அதனால் கேடில்லை.

இந்தச் சுற்றில் எமுலேட்டரில் எளிதில் புலப்படாத ஒரு சிக்கல் இருக்கிறது. பகுதியை மாற்றுவதற்காகச் செயலி ரோம் முகவரி ஒன்றில் ஓர் எண்ணை எழுதுகிறது. அந்தக் கணத்தில் ரோமும் தேர்வாகியிருப்பதால், அது அந்த முகவரியிலுள்ள தன் பைட்டை அதே தரவுக் கம்பிகளில் வைக்கிறது. இருவரும் வெவ்வேறு எண்ணைச் சொன்னால் எண்ணிக்குள் போய்ச் சேர்வது எதுவென்று உறுதியில்லை. தீர்வு மென்பொருளில்தான் இருக்கிறது: நிலையான பகுதியில் 0, 1, 2 என்று 7 வரை எண்களை வரிசையாக வைத்து, 3ஆம் பகுதி வேண்டுமென்றால் 3 இருக்கும் இடத்தின் மேல் 3ஐ எழுத வேண்டும், அப்போது இருவரும் ஒரே எண்ணைச் சொல்வார்கள், மோதல் இல்லை. எமுலேட்டர்கள் பல இந்த மோதலைப் பொருட்படுத்தாமல் செயலி சொன்னதையே ஏற்றுக்கொள்வதால், மாதக்கணக்கில் அங்கே நன்றாக ஓடிய ஆட்டம் உண்மையான போர்டில் ஏறியவுடன் தடுமாறக்கூடும்.

எமுலேட்டரும் கருவியும் வேறுபடும் இடங்கள் இன்னும் உண்டு. உண்மையான கருவியின் ராமில் மின்சாரம் வந்தவுடன் என்ன வேண்டுமானாலும் இருக்கலாம். பூஜ்யம் இருக்கும் என்று நம்பாமல் நிரலே அழித்துக்கொள்ள வேண்டும். படச்செயலி விழித்துச் சீராக, திரை இரண்டு முறை வரையப்படும் காலம் காத்திருப்பது வழக்கம். இவற்றைவிட நம் ஊருக்கு முக்கியமானது வேகம். ஜப்பானிய மூலக் கருவி நொடிக்கு 60 முறை திரையை வரைகிறது. என்னிடம் இருக்கும் நகல் கருவியோ, நம் தொலைக்காட்சி முறைக்கு ஏற்ப, 50 முறை. இசையும் ஆட்டமும் திரையின் எண்ணிக்கையை வைத்தே நகர்வதால், மாற்றம் செய்யாத நிரல் இங்கே ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடும். சிறுவயதில் நாம் கேட்ட ஃபேமிகாம் இசையை ஜப்பானியப் பதிவில் கேட்கும்போது அவசரமாக ஓடுவதுபோல் இருப்பதற்கு இதுவே காரணமாக இருக்கக்கூடும். எஃப்சிஇயுஎக்ஸ், மெசென் ஆகிய எமுலேட்டர்களில் 'டென்டி' என்றொரு தேர்வு உண்டு. ரஷ்யாவில் விற்ற நகல் கருவியின் பெயரால் அமைந்த அந்தத் தேர்வுதான் என் கருவியின் நடத்தைக்கு மிக நெருக்கமாக இருந்தது. தொடக்கத்தில் இரண்டு திரைகளுக்கு இடைப்பட்ட நேரத்தை நிரல் அளந்துகொண்டு, அதற்கேற்ப இசையின் வேகத்தைத் திருத்தும்படி எழுதிவிட்டால் இரண்டு ஊர்க் கருவிகளிலும் ஒரே கேசட் போதும். நகல் கருவிகள் சிலவற்றில் சதுர அலை ஒலியின் இரண்டு தொனிகள் இடம் மாறியிருக்கும். அதற்கு நாம் செய்யக்கூடியது ஒன்றுமில்லை.

சுற்று உறுதியான பிறகு போர்டு. பெரிக் குளோரைடும் செம்புத் தகடும் வாங்கி வீட்டிலேயே அரித்து எடுக்கலாம், ஆனால் இரண்டு பக்கத் தடங்களையும் துளைக்குத் துளை பொருத்துவது கடினம். அதைவிட, மூடப்படாத செம்பு விளிம்பு சில மாதங்களில் கறுத்துத் தொடர்பு விட்டுவிடும். தொழிற்சாலையில் செய்து வாங்குவதென்றால் தங்கப் பூச்சும் சாய்வாகச் சீவிய விளிம்பும் கேட்க வேண்டும். தொடுபட்டைகளின் இடைவெளி ஃபேமிகாமில் 2.54 மில்லிமீட்டர், என்இஎஸ்ஸில் 2.5 மில்லிமீட்டர், ஒரு பட்டையில் தெரியாத இந்த வேறுபாடு முப்பதாவது பட்டையில் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் ஆகிவிடும், ஆகவே இணையத்தில் கிடைக்கும் வரைபடம் எதற்கானது என்று பார்த்தே எடுக்க வேண்டும். பலகையின் தடிமனை நல்ல நிலையிலுள்ள பழைய கேசட் ஒன்றிலிருந்து வெர்னியரால் அளந்துகொள்ளலாம். வரைபடத்தை அனுப்புவதற்கு முன் ஒன்றுக்கு ஒன்று அளவில் தாளில் அச்சிட்டு, அட்டையில் ஒட்டி வெட்டி, ஓட்டுக்குள் வைத்துப் பார்ப்பது காசில்லாத சோதனை. முன்பக்கமும் பின்பக்கமும் இடவலம் மாறியிருந்தால் இங்கேயே தெரிந்துவிடும்.

புதிய போர்டில் ஈபிராமை விட்டு எஸ்எஸ்டி39எஸ்எஃப்010 என்னும் 5 வோல்ட் ஃபிளாஷ் சிப்புக்கு மாறிவிட்டேன். 27சி010 பொருந்தும் அதே 32 கால் இடத்தில், முதலாம் காலும் 31ஆம் காலும் 5 வோல்ட்டில் இருக்கும்வரை, இரண்டில் எதை வேண்டுமானாலும் வைக்கலாம். அழிப்பதும் எழுதுவதும் புரோகிராமரிலேயே நொடிகளில் முடிகின்றன, விளக்குப் பெட்டி பரணுக்குப் போய்விட்டது. சாளரம் வைத்த சிப்பின் அழகு இதற்கு இல்லை என்பது உண்மைதான். ஆனால் நிரலை அடிக்கடி மாற்றிப் பார்க்கும் காலத்தில் அழகைவிட அரை மணி நேரம் பெரிது.

சோதனைக்கான கேசட்டில் சிப்பைச் சாக்கெட்டில் வைக்கிறேன். அதன் உயரம் ஓட்டுக்குள் அடங்காது என்பதால் அது எப்போதும் ஓடு இல்லாமலே கிடக்கிறது. பிறருக்குக் கொடுக்கும் கேசட்டில் சிப்பை நேராகப் போர்டிலேயே சால்டர் செய்து, கால்களைப் பின்புறம் தட்டையாக வெட்டிவிடுகிறேன். பழைய ஓடுகளின் உட்புறத்தில் போர்டைத் தாங்கும் தூண்கள் ஒவ்வொரு தயாரிப்பிலும் ஒவ்வோர் இடத்தில் இருப்பதால், போர்டின் இரு ஓரங்களிலும் அரைவட்டமாக இடம் விட்டு வரைந்திருக்கிறேன். அப்படியும் பொருந்தாத ஓடுகளில் தூணைச் சூடான கத்தியால் சீவிக்கொள்ள வேண்டியிருக்கிறது.